கரண்ட் போனால் சிரிப்பவள்

“ஏங்க... மெட்ராஸ் ஐ-யா உங்களுக்கு?”

கேட்டவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கேட்ட கையோடு, பக்கத்தில் ஒட்டியிருந்த முழங்கையையும் இழுத்துக்கொண்டான்.

வெண்மதிக்குச் சுருக்கென்றது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ். அந்த ஒரு இடம்தான் காலியாக இருந்தது என்று வந்து உட்கார்ந்திருந்தாள். இவன் கேட்டது முன்சீட்டு அம்மாள் காதிலும் விழுந்துவிட்டது. திரும்பி வெண்மதியின் கண்களைப் பார்த்தவள், தோளில் கிடந்த குழந்தையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“மெட்ராஸ் ஐ இல்ல.”

“இல்ல... ரெண்டு கண்ணும் செவசெவன்னு இருக்குதே...”

“நீங்க அந்த ஷட்டர எறக்குனா செவப்பு தானா போவும்.”

“ஷட்டர எறக்க முடியாதுங்க.”

“ஏன்?”

அவன் கொஞ்சம் தயங்கினான். “காத்து வரலன்னா எனக்கு ஒத்துக்காது.”

“காத்து வந்தா எனக்கு ஒத்துக்காது.”

இதற்கு மேல் என்ன பேசுவது? இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

2012-ஆம் வருஷத்து ஆடி மாதம். ‘தானே’ புயல் சாய்த்துப்போட்ட முந்திரி மரங்கள் சில இன்னும் வெட்டப்படாமல் கிடந்த நேரம். முதுநகர் தாண்டியதும் பஸ் வேகமெடுத்தது. ஆடிக்காற்று புழுதியோடு உள்ளே புகுந்து நேராக அவள் முகத்தில் அடித்தது. இமைகளுக்குள் யாரோ மணலைத் தூவித் தேய்ப்பது போல எரிந்தது. மூடினாலும் எரிச்சல்... திறந்தாலும் எரிச்சல். துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்து, அந்தக் குலுக்கலிலும் தலையை அண்ணாந்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டாகப் போட்டுக்கொண்டாள். ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் சிந்தவில்லை.

அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். மூடிய இமைகள் மெல்லத் திறந்தன. நனைந்து ஒட்டிக்கொண்ட நீளமான இமைமயிர்... அதற்குள் மழை விட்ட வானம் மாதிரி கழுவிவிட்ட இரண்டு கண்கள். இவ்வளவு அழகான கண்களைப் பார்த்தா ‘மெட்ராஸ் ஐ-யா’ என்று கேட்டேன்?

கையை நீட்டி ஷட்டரை இறக்கிவிட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்லலாமா, வேண்டாமா... சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஆனால் குடிகாடு தாண்டும்போது அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே இருந்தான். ஆலப்பாக்கம் வருவதற்குள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

“கண்டக்டர்... கொஞ்சம் நிறுத்துங்க...”

பஸ் நிற்பதற்குள் இறங்கி ஓடி, சாலையோரம் குனிந்து நின்றான். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“யாரும்மா ஷட்டர எறக்குனது? மணவாளன் சாருக்கு காத்து இல்லன்னா ஆவாதே. தெனம் வர்ற மனுஷன்... வாந்தி வந்துரும்னு ஜன்னல் சீட்ட விட்டுக் குடுக்கவே மாட்டாரு.”

வெண்மதிக்கு என்னவோ போலாகிவிட்டது. தெரிந்தும் இறக்கினானா? முகம் தெரியாத ஒருத்தியின் கண்ணுக்காகவா? தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

“இந்தாங்க. வாய் கொப்புளிங்க.”

அவன் நிமிர்ந்தான். வெட்கத்தில் காது மடல்வரை சிவந்திருந்தது.

“ஸாரிங்க.”

“நான்தான் ஸாரி சொல்லணும். சொல்லியிருக்கலாம்ல... வாந்தி வரும்னு.”

“ஒரு பொண்ணுகிட்ட மொதமொதல்ல பேசும்போது அதையா சொல்லுவாங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளும் அதே பஸ்தான். மணவாளன் தன் வழக்கமான ஜன்னலோரத்தில் இருந்தான். அவள் பெரிய கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தாள். காற்று பக்கவாட்டில் புகாத மாதிரி அகலமான கிளாஸ். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“இப்ப ஜன்னல் தொறந்தே இருக்கலாம்,” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சினிமாக்காரங்க மாதிரி இருக்கீங்க.”

“கிண்டலா?”

“இல்லங்க... நெஜமாத்தான்.”

அப்படித்தான் பேச்சு வளர்ந்தது. மணவாளன் சிதம்பரத்தில் மின்வாரிய உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. அவன் ஈ.பி. என்று தெரிந்தால் போதும், பஸ்ஸில் யாராவது ஒருத்தர் பிடித்துக்கொள்வார். அன்றைக்கும் ஒரு பெரியவர் புதுச்சத்திரத்தில் ஏறியதிலிருந்து முட்லூரில் இறங்கும்வரை திட்டித் தீர்த்தார். மணவாளன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

“எப்படிங்க தாங்குறீங்க?” என்றாள் வெண்மதி.

“பழகிடுச்சுங்க. இந்த ஜில்லாவுல என்னத் திட்டாத ஆளே கெடையாது.”

“நான் திட்ட மாட்டேன். கரண்ட் போனா எனக்கு சந்தோஷமா இருக்கும்.”

தன்னைக் கேலி செய்கிறாளோ என்று பார்த்தான். இல்லை...

“எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல என் தலைக்கு நேரா ஃபேன் சுத்துது. காத்து பட்டுப் பட்டு கண்ணு காஞ்சு அறுக்கும். நிறுத்துங்கன்னு சொன்னா மத்தவங்களுக்கு வேர்க்கும். கரண்ட் போனதும் எல்லாரும் ஒங்கள திட்டுவாங்க. நான் மட்டும் நிம்மதியா கண்ண சிமிட்டிட்டு சிரிச்சுக்குவேன்.”

மணவாளன் அவளையே பார்த்தான். கரண்ட் போனால் சிரிக்கிற ஒரே ஒரு ஜீவன்... இவளை விட்டுவிடக் கூடாது என்று அந்த நிமிஷமே மனசு சொல்லிவிட்டது.

அவனை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் வெண்மதிக்குச் சங்கடம். கூட்டமான பஸ்ஸில் ‘மணவாளன்’ என்று ஒரு பெண் எப்படி வாய்விட்டு அழைப்பாள்? ‘ஈ.பி. சார்’ என்று வைத்துக்கொண்டாள்.

“பேரச் சொல்லியே கூப்புடலாம்,” என்றான் அவன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

“ம்... ஆசதான்.”

ஒருநாள் அவளாகவே கண்ணின் கதையைச் சொன்னாள். நாலாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. பவர் ஏறி ஏறி மைனஸ் ஏழில் வந்து நின்றது. ஆனால் உயிர் வாலிபாலில். கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் போட்டுக் கட்டிக்கொண்டு ஆடுவாள். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் அவள். ஒவ்வொரு பந்தும் அவள் கையைத் தொட்டுத்தான் போக வேண்டும். காலேஜ் கடைசி வருஷ மேட்ச்சில் பந்து முகத்தில் பட்டுக் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தரும் பி.இ.டி. டீச்சர் வேலை கிடைத்ததும், சம்பளத்தைச் சேர்த்துவைத்துச் சென்னைக்குப் போய் லேசர் ஆபரேஷன் செய்துகொண்டாள்.

“மறுநாள் காலைல கண்ண முழிச்சேன். எதிர் செவுத்துல எறும்பு வரிசையா போவுது... ஒண்ணொண்ணா தெரிஞ்சுது. அழுதுட்டேன். அழக்கூடாதுன்னு நர்ஸ் திட்டுனாங்க.”

“அப்புறம் ஏன் இப்படி...”

“பார்வை சுத்தமா வந்துடுச்சு. ஈரந்தான் போயிடுச்சு. சில பேருக்கு கொஞ்ச மாசத்துல சரியாவுமாம். எனக்கு வருஷம் தாண்டியும் விடல. மருந்து போட்டுக்கிட்டே இருக்கணும். ராத்திரியில லைட்டெல்லாம் வேற மாதிரி தெரியும். ஆனா ஒண்ணு... பண்ணிக்கிட்டதுக்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல.”

கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “எங்கம்மா இத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருக்காங்க. நாளைக்கு மாப்ள வீட்டுல கண்ணுல கோளாறுன்னு பேசுவாங்களாம். ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன்.”

ஒங்ககிட்ட மட்டுந்தான்... அந்த ஒரு வார்த்தையை மணவாளன் வீடுவரை சுமந்துகொண்டு போனான்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் மழை பிடித்துக்கொண்டது. எல்லா ஷட்டரும் இறங்கிவிட்டன. மணவாளன் டிரைவருக்குப் பின்னால் நின்று முன்கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்தபடி எலுமிச்சையை முகர்ந்துகொண்டிருந்தான். அவளும் எழுந்து வந்து பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மழைநாளின் ஈரக்காற்றில் அவள் கண்கள் குளிர்ந்து, கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று இருந்தன.

எதிரே லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு லாரி வந்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள்.

“எப்படித் தெரியுது?” என்றான் மெதுவாக.

“சாமந்திப்பூ மாதிரி. நடுவுல வெளிச்சம்... சுத்தி இதழ் இதழா விரிஞ்சிருக்கும். மழ பெஞ்சா ரோடு முழுக்கப் பூதான்.”

அவனும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அவனுக்கு வெறும் லாரிதான் தெரிந்தது.

“பயமா இல்லையா?”

“மொதல்ல பயந்தேன். இப்ப சில நேரம் அழகாத்தான் இருக்குது.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “அடுத்த வாரம் மின்னொளி மேட்ச் இருக்குது. ஆபரேஷனுக்கு அப்புறம் மொதமொதல்ல லைட்டுல ஆடப்போறேன். எங்க கோச் வைத்திலிங்கம் சார் டீம்ல நான்தான் செட்டர்.”

“அந்த வெளிச்சத்துல பந்து...”

“சமாளிச்சுக்குவேன்,” என்று பேச்சை வெட்டினாள்.

அவள் சமாளிப்பாள். ஆனால் மணவாளனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. அண்ணாந்து பார்க்கிற கண்ணில் லைட் பூவாக விரிந்து, அதற்குள்ளிருந்து பந்து வந்து விழுந்தால்?

இரண்டு நாள் கழித்துக் கோச் வைத்திலிங்கமே அவன் ஆபீசுக்கு வந்தார். மேட்ச் நடக்கும் மைதானத்துக்குத் தற்காலிக மின் இணைப்பு வேண்டும். மணவாளன் உடனே எழுதிக் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

“சார்... லைட்ட இன்னும் ஒசரத்துல கட்டச் சொல்லுங்க. கோர்ட்டுக்கு நேரா வேணாம், பக்கவாட்டுல இருக்கட்டும். ஒங்க டீம்ல வெண்மதிக்கு லேசர் பண்ண கண்ணு. நேர் வெளிச்சம் பட்டா பந்து தெரியாது.”

கோச் முகம் மாறியது. “அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே...”

அன்று மாலை வெண்மதி பிராக்டிசுக்குப் போனபோது அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“இந்த தடவ நீ வெளில ஒக்காரும்மா,” என்றார் வைத்திலிங்கம். “கண்ணு வெவகாரம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“யார் சார் சொன்னது?”

“ஈ.பி. ஏ.இ. தான்...”

அவள் விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மணவாளன் அங்கே காத்துக்கொண்டிருந்தான். லைட்டை உயரக் கட்டப்போகிறார்கள் என்று அவளிடம் சொல்லும் சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது.

“மணவாளன்.”

முதல்முறை பெயர் சொல்லி அழைக்கிறாள்... அவன் சிரிக்கப்போனவன், அவள் கண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“என்னை டீம்ல இருந்து எடுத்துட்டாங்க.”

“ஐயோ... நான் லைட்டத்தான் மாத்தச் சொன்னேன். ஒங்க நல்லதுக்குத்தான்...”

“எனக்கு எது நல்லதுன்னு என்னக் கேட்டீங்களா?”

அவன் தலை தாழ்ந்தது.

“பெத்தவங்க பேச்சையும் மீறி ஒருத்தர்கிட்ட சொன்னேன். அத நீங்க ஆபீஸ்ல ஒக்காந்து சொல்லியிருக்கீங்க. இனிமே எங்க போனாலும் நான் வெண்மதி இல்ல... கண்ணு சரியில்லாத பொண்ணு.”

கடலூர் பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவனுக்கு ஏறத் தைரியமில்லை.

வீட்டில் அம்மா மாரியம்மாள் விஷயம் கேட்டதும், “நான் அப்பவே சொன்னேன்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாதம் போட்டாள். வெண்மதிக்குச் சோறு இறங்கவில்லை. அழலாம் என்றால் கண்ணில் தண்ணீரும் இல்லை. அவன் செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால்... அவன் சொன்னது பொய்யா? பந்து தெரியாமல் போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தே எத்தனை மாலைப் பிராக்டிஸில் கண் எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறாள்...

அடுத்த இரண்டு நாளும் வேறு பஸ்ஸில் போனாள். மூன்றாம் நாள் மைதானத்தில் புது லைட்டுகளைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உயரமான கம்பங்கள், பக்கவாட்டில். வெண்மதி நேராகக் கோச்சிடம் போனாள்.

“சார், அவரு சொன்னது நெஜந்தான்.”

டீம் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“லைட்டுக்கு நேரா பந்து போனா ஒரு செகண்டு எனக்குக் காணாமப் போயிடும். கண்ணு காயும், மருந்து போடணும். ஆனா எங்க நின்னா காணாமப் போவும், எங்க நின்னா தெரியும்னு எனக்குத்தான் சார் தெரியும். இந்த லைட்டுல எனக்கு பந்து போட்டுப் பாருங்க. அப்புறமும் வெளில ஒக்காரச் சொன்னா ஒக்காந்துக்குறேன்.”

வைத்திலிங்கம் ஒரு கணம் யோசித்தார். பிறகு பந்துக்கூடையை இழுத்துக்கொண்டார். இடமும் வலமுமாகப் போட்டார். உயரமாகப் போட்டார். அவள் ஓரடி பின்வாங்கி, தோளைத் திருப்பி, வெளிச்சத்துக்கு முதுகு காட்டிப் பந்தைத் தூக்கினாள். ஸ்மாஷ் அடிக்கும் அனுப்பிரியா குதித்துக் குதித்து அடித்தாள். இரண்டு பந்து தவறியது. மற்றதெல்லாம் பூப்போல அனுப்பிரியாவின் கைக்கே போனது.

“சரி,” என்றார் கோச். “தெரியலன்னா வாய்விட்டுச் சொல்லணும். அதுக்கு ஒத்துக்கிட்டா ஆடு.”

ஞாயிற்றுக்கிழமை மாலை. மைதானத்தைச் சுற்றிச் சவுக்குக் கட்டைத் தடுப்பு, அதன் மேல் தொங்கிக்கொண்டு ஊர்ச்சனம். மணவாளன் கடைசி வரிசைக்கும் பின்னால், சுண்டல் வண்டி மறைவில் நின்றான். அவள் கண்ணில் படக் கூடாது... ஆனால் அவளைப் பார்க்காமலும் இருக்க முடியாது.

எதிரே பண்ருட்டி டீம். வெண்மதி தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் சில பந்துகளில் கால்கள் தயங்கின. பிறகு அவளுக்கு லைட் பழகியது. அவள் விரல் பட்ட பந்துகள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் அண்ணாந்து நிற்க, அனுப்பிரியாவே மருந்து பாட்டிலைத் திறந்து சொட்டு விட்டாள். பார்க்கிறவர்களைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

இரண்டாவது செட்டில் ஒரு பந்து எழும்பி நேராக லைட்டுக்குள் போனது. வெண்மதியின் கைகள் காற்றில் நின்றன. மணவாளன் சுண்டல் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“தெரியல... அனு, நீ எடு.”

மைதானம் முழுக்கக் கேட்கிற குரல். அனுப்பிரியா பாய்ந்து எடுத்தாள். பந்து வெளிச்சத்திலிருந்து வெளியே வந்ததும் வெண்மதி ஓடிப்போய்த் தூக்கிக் கொடுத்தாள். பாயிண்ட்.

‘தெரியல’ என்று சொல்வதில் இவ்வளவு கம்பீரம் இருக்க முடியுமா? மணவாளனின் கண்கள்தான் நிறைந்துவிட்டன. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஊர் முன்னால் சொல்ல அவனுக்கெல்லாம் தைரியம் வராது. இவளைக் காப்பாற்ற நினைத்தேனே... இவளுக்கா காவல்?

கடைசி செட்டில் பண்ருட்டிதான் ஜெயித்தது. ஆனால் தோற்ற டீமில் வெண்மதிதான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மணவாளன் அவளிடம் போகவில்லை. போய்ப் பேசத் தனக்கு என்ன உரிமை என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டான்.

அவன் போவதை அவள் பார்த்துவிட்டாள். வைத்திலிங்கமும் பார்த்தார்.

“அந்த ஏ.இ. மறுநாளே எங்கிட்ட வந்தாரும்மா,” என்றார். “‘அவுங்க சேதிய நான் சொன்னது தப்பு. ஆடலாமா வேணாமான்னு அவுங்களையே கேளுங்க, நான் சொன்னத வச்சு முடிவு பண்ணாதீங்க’ன்னாரு. நான் ஒன்னக் கேக்கலாம்னு இருந்தேன்... அதுக்குள்ள நீயே வந்துட்ட. வந்தத ஒங்கிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னாரு.”

வெண்மதி சுண்டல் வண்டிப் பக்கமே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம், பள்ளி இடைவேளையில், மின்வாரிய ஆபீசுக்குப் போனாள். கரண்ட் இல்லை. மணவாளனைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகப் போகும்வரை ஓரமாக நின்றாள். கடைசி ஆளும் போனதும் மேஜைக்கு எதிரே வந்தாள்.

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

“புகார் குடுக்க வந்திருக்கேன்.”

“சொ... சொல்லுங்க.”

“ஒருத்தர் மேட்ச் பாக்க வந்துட்டு பேசாமப் போயிட்டாரு.”

“அவருக்கு மொகம் இல்லங்க,” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. “தப்பு பண்ணிட்டேன். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிடுமோன்னு பயந்தேன். அந்த பயத்த ஒங்ககிட்ட சொல்லாம ஊர்ல சொல்லிட்டேன்.”

“கோவம் எனக்கு இன்னும் போவல.”

“போவ வேணாம்.”

“ஆனா... எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் மனசு லேசாயிடுச்சு. நேத்து ஆடுன மாதிரி நான் எந்த மேட்ச்சும் ஆடுனதில்ல.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “இனிமே என்னப் பத்தி எதுவா இருந்தாலும் மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லணும். அதுக்கப்புறந்தான் மத்தவங்க. சரியா?”

“சரிங்க.”

அவன் மேஜை மேல் கிடந்த காகிதங்களை அடுக்கிவைத்தான். பிறகு நிமிர்ந்தான்.

“அப்படின்னா... ஒண்ணு இருக்குது. சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“எனக்கு ஒங்களப் புடிச்சிருக்குது. பாவம்னு இல்ல. நேத்து ஊர் முன்னாடி தெரியலன்னு சொன்னீங்களே... அப்ப எனக்குக் கையெடுத்துக் கும்புடணும் போல இருந்துச்சு. கடேசி வரைக்கும் ஒங்க பக்கத்துல இருக்கணும்னு ஆசையா இருக்குதுங்க.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிமிட்டாமல் பார்த்தால் எரியும் என்று தெரிந்தும் சிமிட்டவில்லை.

“இந்த வறட்சி எப்ப போவும்னு டாக்டருக்கே தெரியாது. போவாமலும் இருக்கலாம்.”

“போவலன்னா இருந்துட்டுப் போவட்டும். அதோடதான் ஒங்களப் பாத்தேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் குழி விழுந்திருந்தது.

“இத வேற யார்கிட்டயாவது சொல்லியாச்சா?”

“சத்தியமா இல்லங்க.”

“நல்லது.” எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்று, மெல்லச் சொன்னாள்: “எங்க வீட்டுல நானே சொல்லிக்குறேன். ‘எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்குது’ன்னு.”